பள்ளிக்குப் போகிறாள்

மேடையில் கடைசி நாற்காலி எனக்கு. பிளாஸ்டிக் நாற்காலிதான், மேலே வெள்ளைத் துணி போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், சாய்ந்தால் முடிச்சு முதுகில் இடிக்கிறது, அதனால் சாயாமல் உட்கார்ந்திருக்கிறேன். பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து மைக்கிடம் போய், எங்களுக்கு உதவுகிற டிரஸ்ட்டின் ரெஜினா மேடம் எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்ப வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். அனைவருக்கும் வணக்கம். என் பெயர் பஞ்சவர்ணம். திருமங்கலம் பக்கத்தில் நூல்மில்லில் வேலை பார்க்கிறேன். என் மகள் கனிஷ்காவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது எங்களுக்கு யாரும் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். உங்களால்தான் இன்று என் மகள் பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் முழுக்க மில்லில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்காது, உதடு மட்டும் அசையும். பக்கத்து மிஷினில் நிற்கும் வேலுத்தாய் என்னடி முணுமுணுக்கிற என்று சைகையில் கேட்டாள். அப்போதெல்லாம் அது உண்மையாக இருந்தது. வியாழக்கிழமை காலை வரைக்கும் உண்மையாக இருந்தது. போகிறாள். வீட்டில் நாங்கள் போறா என்போம், போறாளா, போயிட்டாளா, வந்துட்டாளா. ரெஜினா மேடம் எழுத்தில் எழுதியதால் போகிறாள் என்று இருக்கிறது. நடுவில் அந்தக் கி மாட்டிக்கொண்டு வாயில் நிற்கவே மாட்டேன் என்கிறது. போனாள் என்றால் ஒரே மூச்சில் வந்துவிடும். வேண்டாம், அதை நினைக்காதே. இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்று எந்தப் பிள்ளையும்தான் பள்ளிக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை செக்கப்புக்குப் போகும்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று யாரிடமும் சொல்லலாம், என்னிடம் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வாரம் குளிப்பாட்டும்போது கெண்டைக்காலில் நீலமாக ஒன்று இருந்தது. கோ-கோ விளையாடி விழுந்தேன் என்றாள். இரண்டு நாள் கழித்து முழங்கைக்கு மேலே ஒன்று. அங்கே எப்படி விழுவாய் என்று கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். துண்டால் அந்த இடத்தை மட்டும் அழுத்தாமல் ஒற்றி எடுத்தேன். டாக்டர் சின்னப் பெண்தான், என் தங்கை வயசு இருக்கும், எப்போதும் கனியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்குக் கிள்ளவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு, பாப்பாவைக் கூட்டிப்போய் மீன் தொட்டி காட்டுங்க என்றார். மீன் தொட்டியைக் கனி நூறு தடவை பார்த்திருக்கிறாள். கதவு சாத்தியதும், "மறுபடி வந்திருக்கும்மா" என்றார். இவர் "எது மேடம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார், என் வீட்டுக்காரர் முத்திருளன் அப்படித்தான், லோடு வண்டி ஓட்டுகிற மனுஷன், ஒன்றை இரண்டு தரம் சொன்னால்தான் ஏறும். டாக்டர் இரண்டாம் தரம் சொன்னார். பிறகு நிறையச் சொன்னார். சென்னைக்குப் போய்ப் பெரிய வைத்தியம் செய்து பார்க்கலாம், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்காது, ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கிறது, பாதியில் அங்கேயே முடிந்துபோகலாம், நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம். வலி இல்லாம நான் பாத்துக்கறேன், அது மட்டும் என்னால முடியும்" என்றார். நான் கையைக் கூப்பி, ரொம்ப நன்றி மேடம் என்றேன். சொன்ன பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று நினைத்தேன். இந்த மூன்று வருஷத்தில் வாய்க்கு அது பழகிவிட்டது. ரத்தம் எடுத்தால் நன்றி, படுக்கை கிடைத்தால் நன்றி, ரிப்போர்ட் கொடுத்தால் நன்றி, வார்டு கூட்டுகிற அம்மா காலை நகர்த்து என்று திட்டினால்கூட சரிங்கம்மா நன்றிங்கம்மா. கை தானாக மேலே போய்விடுகிறது.

மைக்கில் இப்போது தணிகாசலம் சார் பேசுகிறார். டிரஸ்ட்டை ஆரம்பித்தவர். அவருடைய பையனும் இதே நோயில் போனவன்தான், அது தெரிந்ததால்தான் எங்களுக்கு அவர் மேல் ஒரு உரிமை. குரல் கரகரக்கிறது, கொடையாளர்களே, நீங்கள் இல்லையென்றால் நாங்கள் இல்லை என்கிறார். கீழே ஃபேன் காற்றில் எல்லோருடைய கையிலும் நிகழ்ச்சித் தாள் படபடக்கிறது. முன் வரிசையில் பட்டுப் புடவைகள், வெள்ளைச் சட்டைகள், ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக் கேட்கிறார். நல்ல முகங்கள். கெட்ட முகமாக ஒன்றாவது இருந்தால் எனக்குக் கோபமாவது வரும். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், என்னை இல்லை, என் தலைக்கு மேலே பார்க்கிறார்கள். அங்கே கனி இருக்கிறாள். போன வருஷம் இதே மேடையில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்தாள், அந்தப் போட்டோவைத்தான் பெரிய ஃபிளக்ஸாக அடித்துப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் தந்த வாழ்வு என்று கீழே எழுதியிருக்கிறது. மேடை ஏறும்போது குனிந்தபடி வந்துவிட்டேன், ஓரத்தில் அவளுடைய செருப்பு மட்டும் கண்ணில் பட்டது, என் முழங்கை நீளத்துக்கு ஒரு செருப்பு. அவ்வளவு பெரிதாக வைத்ததால்தான் கண் பட்டதோ. அந்தப் போட்டோவை வார்டுச் சுவரில்கூட ஒட்டியிருக்கிறார்கள், காலண்டரில் போட்டிருக்கிறார்கள், எத்தனை வீட்டில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். சீ, கண் பட்டு வருகிற நோயா இது. கண் பட்டதென்றால் அவர்கள் ஆசையாகப் பார்த்ததுதானே பட்டிருக்கும். பின்னாலிருந்து கேசரி வாசனை வருகிறது. நெய் காய்ந்து முந்திரி போட்ட வாசனை. வயிறு பசிக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, நேற்றும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இருந்தாலும் இந்த வயிறு இப்படி எச்சில் ஊறிக்கொண்டு கேட்குமா. இதற்கு ஒன்றும் தெரியாது போல.

வியாழக்கிழமை பஸ்ஸில் கனிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இவர் இறங்கிப் போய் அவளுக்கு இஷ்டமான பன் பட்டர் ஜாம் வாங்கி வந்தார், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, வெளியில் வாங்கிக் கொடுக்காதீங்க என்றெல்லாம் மூன்று வருஷம் கட்டிக் காத்த மனுஷன். கனி என் முகத்தைப் பார்த்தாள், சாப்பிடலாமா என்று. சாப்பிடு என்றேன். வாயெல்லாம் ஜாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கனி கேட்டாள், "அடுத்த தடவ எப்பம்மா போகணும்? அன்னைக்கு எங்களுக்குப் பாட்டுப் போட்டி இருக்கு." இவர்தான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனிமே போக வேண்டாண்டா" என்றார். "நெசமாவாப்பா? ஊசி?" "ஊசியும் இல்ல." "முதுகுல போடுறது?" "அதுவும் இல்ல." அவள் கீழே குதித்து வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எனக்கு இனிமே ஆஸ்பத்திரியே கிடையாது என்று கத்தினாள். தெருவே கேட்டிருக்கும். அடுத்த வீட்டு அம்மா சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுள் கண்ணைத் தொறந்துட்டாரு பஞ்சவர்ணம் என்றாள். ஆமாக்கா என்றேன். அந்தம்மாவிடம் சொல்ல முடியவில்லை, இன்னும் என் அம்மாவிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லவில்லை. வாயால் சொல்லாதவரை அது அந்த டாக்டரின் அறைக்குள்ளேயே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். இன்று காலை கிளம்பும்போது, நானும் வர்றேன்மா, போன தடவ ஐஸ்கிரீம் குடுத்தாங்க என்று அழுதாள். காய்ச்சல் இருந்தது. அப்பாவோட இரு, நான் வாங்கிட்டு வர்றேன் என்றேன். ஐஸ்கிரீமை எப்படி வாங்கிக்கொண்டு திருமங்கலம் போவது, உருகிவிடாதா.

ரெஜினா மேடத்தை நான் தப்பு சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, டாக்டர் சொன்னாங்கக்கா என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேசாமல் அழுதது அந்தப் பிள்ளை. கனிக்கு முதல் தடவை காய்ச்சல் ஏறியபோது ராத்திரி முழுக்க எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. "ஞாயித்துக்கெழம நீங்க வர வேண்டாங்க்கா, நான் வேற யாரையாவது பேச வச்சுக்கறேன்" என்று போனை வைத்துவிட்டது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டது. "அக்கா, கேக்கறதுக்கே எனக்கு அசிங்கமா இருக்கு." "சொல்லுங்க மேடம்." "வேற யாரும் வரமாட்டேங்கறாங்க. நல்லாயிப் போன பிள்ளைங்க வீட்டுல எல்லாம் பேரைச் சொல்லாதீங்க, போட்டோ போடாதீங்கன்னுடுறாங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா தெரியக்கூடாதாம். நான் யாரைக் குறை சொல்ல?" நல்லாயிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. "இந்த வருஷம் நெறயப் பேரு குடுக்கறத நிறுத்திட்டாங்க. வார்டுல புதுசா பிள்ளைங்க சேந்துக்கிட்டே இருக்கு. யாராவது ஒருத்தர் வந்து நல்லா இருக்கோம்னு சொன்னாத்தான் அவங்க மனசுல நிக்கும். நீங்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்கக்கா. நான் கோவிச்சுக்க மாட்டேன்." நல்லாயிப் போனவர்கள் வரமாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எப்படி வருவார்கள். மிச்சம் இருப்பது நான்தான். "வர்றேன் மேடம்" என்றேன். "உள்ளதச் சொல்லணும்னு தோணினா சொல்லிடுங்கக்கா, நான் தடுக்க மாட்டேன்" என்றது கடைசியாக, ரொம்ப மெதுவாக. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

உள்ளதைச் சொன்னால் என்ன. எழுந்து போய், எல்லாருக்கும் வணக்கம், என் பிள்ளைக்கு மறுபடி வந்துருச்சு என்று சொல்லிவிட்டால் என்ன. அந்தத் தாத்தா கண்ணைத் திறந்து பார்ப்பார். பட்டுப் புடவைக்காரம்மா பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். கேசரி கிண்டுகிறவர்கூட கரண்டியை நிறுத்துவார். யாராவது ஒருவர் எழுந்து, அம்மா, அமெரிக்காவில் எங்கள் மருமகன் டாக்டராக இருக்கிறான், ஒரு புது மருந்து வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டாரா. சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் அதையும் கேட்டாயிற்று. புது மருந்து இருக்கிறதாம், இந்த உடம்புக்கு இல்லையாம். ஆனாலும் சொன்னால் இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், நான் ஒருத்தியாகத் தூக்க வேண்டாம். அவர்கள் தந்தார்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டியதுதானே. அவர்கள் தந்ததில்தானே கனி மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போனாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு முதல் நாள் அழுதாள், அப்புறம் வகுப்புத் தலைவியாகி எல்லோரையும் அதட்டினாள், பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அவ்வளவும் நடந்ததுதானே. போனாள் என்று சொல்லியும் நன்றி சொல்லலாம். என் மகள் பள்ளிக்குப் போனாள், நன்றி. அப்படிச் சொன்னால் யாரும் கை தட்ட மாட்டார்கள். ஆனால் பொய் இருக்காது. சொல்லிவிடுவோம். ஒரே எழுத்துதான். சொல்லிவிட்டு நேராக இறங்கிப் போய்விடலாம்.

தணிகாசலம் சார் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல். அந்தச் சத்தத்துக்குள் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள், கறுப்பு புர்கா, இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. குழந்தை தலையில் பூப்போட்ட துணித் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க், கண் மட்டும் தெரிகிறது. ரெஜினா மேடம் ஓடிப் போய் நாலாவது வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தது. இவளைப் பற்றித்தான் காலையில் சொல்லியது, கீழக்கரைப் பக்கம், ஷமீமா என்று பெயர், புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான், தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு கிடக்கிறாள், உங்களப் பாக்கணும்னு அவ்வளவு ஆசையாக் கேட்டாக்கா, வார்டுச் சுவரில இருக்கற கனி படத்தத் தினம் அந்தப் பிள்ளைக்குக் காட்டித்தான் மருந்து குடுக்கறா என்று. உட்கார்ந்ததும் அவள் மேலே பார்த்தாள். எல்லோரும் பார்க்கிற அதே இடத்தைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடித்து மேலே காட்டினாள். குழந்தை பார்த்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள், உதடு லேசாகப் பிரிந்தபடி. எனக்கு அந்தப் பார்வை தெரியும். நான் அப்படித்தான் பார்ப்பேன். முதல் மாதத்தில் வார்டுக்கு செக்கப்புக்கு வருகிற பெரிய பிள்ளைகளின் அம்மாக்களை அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன், அவர்கள் எப்படி நடக்கிறார்கள், என்ன சேலை கட்டியிருக்கிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள் என்று. அவர்கள் சிரித்தால் அன்றைக்கு நான் சாப்பிடுவேன். "இப்போது நம் கனிஷ்காவின் தாயார் திருமதி பஞ்சவர்ணம் அவர்கள்" என்று மைக்கில் கூப்பிடுகிறார்கள். என்னைத்தான். எழுந்துவிட்டேன். கால் மரத்துப்போய் ஊசி ஊசியாகக் குத்துகிறது, நடந்துவிட்டேன். மைக் என் உயரத்துக்கு மேலே இருக்கிறது, ரெஜினா மேடம் வந்து இறக்கிவிட்டது, என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அனைவருக்கும் வணக்கம் என்றேன். ஸ்பீக்கரில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. என் பெயர் சொன்னேன், மில்லைச் சொன்னேன், எங்களுக்கு யாரும் இல்லை என்றேன், நீங்கள் இருந்தீர்கள் என்றேன். அந்தத் தாத்தா கண்ணைத் துடைத்தார். அவருக்கு நான் சொல்லியிருப்பேன், அந்தப் பட்டுப் புடவைக்காரம்மாவுக்கும் சொல்லியிருப்பேன், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த மாசம் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமல் போனாலும் போவார்கள். நாலாவது வரிசையில் அவள் குழந்தையின் முதுகைத் தடவுவதை நிறுத்திவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உங்களால்தான், என்றேன். தொண்டைக்குள் அந்த ஒரு எழுத்து வந்து நின்றது. உங்களால்தான் இன்று என் மகள் பள்ளிக்குப் போகிறாள். சொல்லிவிட்டேன். கி நன்றாகத்தான் வந்தது, மனப்பாடம் பண்ணும்போதுகூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. கை தட்டினார்கள். கும்பிட்டேன். கை இறங்க மாட்டேன் என்று அப்படியே நின்றது. தணிகாசலம் சார் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு நாற்காலி வரைக்கும் கூட்டிப்போனார், அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை, நாற்காலியில் உட்கார வைக்கும்போது, "என் பையன் படத்தையும் நான் கொஞ்ச நாள் சுவத்துல இருந்து எடுக்காமத்தான் வச்சிருந்தேன்மா" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா மேடம் மைக்கில் பேச ஆரம்பித்தது. கனிஷ்காவைப் போல இன்னும் எத்தனையோ குழந்தைகள் உங்கள் கைகளை எதிர்பார்த்திருக்கிறார்கள், உங்கள் ஆதரவைத் தொடர்ந்து தாருங்கள் என்றது. குரல் ஒரு இடத்தில் அறுந்தது. கீழே இருந்தவர்கள் அதை உருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். கையில் தட்டைக் கொடுத்தார்கள், கேசரி, பொங்கல், சாம்பார். தூணோரம் நின்று சாப்பிட்டேன், வேகவேகமாகச் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. பட்டுப் புடவைக்காரம்மா வந்து கனி எங்கே என்றார், காய்ச்சல் என்றேன், பருவம் மாறுதுல்ல, எல்லாப் பிள்ளைங்களுக்கும் இருக்கு என்று சொல்லிப் போனார். இவர் இந்நேரம் அவளுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருப்பார், சரியாகப் பிழியாமல் போட்டு சட்டையெல்லாம் நனைத்திருப்பார். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். அப்போதுதான் ஷமீமா வந்தாள். குழந்தை தோளில் தூங்கிவிட்டது. "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். பிறகு என் எச்சில் கை என்றும் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா, தப்பா நெனச்சுக்காதிய." "கேளும்மா." "இவளுக்குப் போன வாரம் முடியெல்லாம் கொட்டிருச்சு. திரும்பி வரும்போது சுருட்டையா வருமாமே, நெசமா?" எதைக் கேட்கப்போகிறாளோ என்று பயந்திருந்தேன். "ஆமா" என்றேன். "மொதல்ல குட்டிக் குட்டிச் சுருட்டையா வந்துச்சு. அப்புறம் நேராயிருச்சு." "இப்ப எம்புட்டு இருக்கு?" தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன். "அம்புட்டா? ரெட்டைச் சடை போடலாமே." "தெனம் போட்டுத்தான் விடுறேன். இறுக்கிப் போட்டா கத்துவா." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்குகிற பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "திரும்ப வந்த முடி இனிமே கொட்டாதுல்லக்கா?" நான் அவளைப் பார்த்தேன். சாம்பார் வாளியோடு ஒருவர் எங்களுக்கு நடுவில் புகுந்து போனார். "மருந்த நிறுத்திட்டாங்கல்ல" என்றேன். "இனிமே கொட்டாது." அவள், அல்லாவே, என்று மூச்சை விட்டாள். கொட்டாதும்மா என்று நான் இன்னொரு தடவையும் சொன்னேன்.